றம்லா கட்டிக்கொடுக்காத பூனை

பள்ளிவாசல்துறையில் இறங்கி றம்லாவின் வீட்டைக் கேட்டால் ஒருவரும் ஒழுங்கை, மூலை, மதில் என்று அடையாளம் சொல்ல மாட்டார்கள். "ஏச்சுச் சத்தம் கேக்குற பக்கமாப் போங்க" என்பார்கள். அதில் பொய்யில்லை. மீன் கொண்டுவருகிறவன் பிந்தினால் ஏச்சு, உப்பு நனைந்திருந்தால் ஏச்சு, வெயில் மங்கினால் வானத்துக்கும் சேர்த்து ஏச்சு. அப்படிப்பட்டவளிடம்தான், மனிதரைக் கண்டாலே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற பூனைகளைக் கொண்டுபோய் விட்டார்கள். அவளும் அத்தனையையும் ஆளாக்கிக் கட்டிக்கொடுத்தாள்.

ஓம், கட்டிக்கொடுத்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். அந்தச் சொல்லே அவளுடையது. அந்தச் சொல்லால் அவளுக்கு வந்த வினையைத்தான் சொல்லப் போகிறேன். கொஞ்சம் முன்னால் இருந்து தொடங்குகிறேன்.

றம்லாவும் அவளுடைய புருஷன் ரஸாக்கும் மன்னார்ப் பக்கத்து ஆட்கள். தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கல்யாணம் முடித்த புதிதில், ஒரேயொரு உடுப்புப் பையோடு புத்தளத்துக்கு வந்தவர்கள். பிள்ளைகள் இல்லை. ரஸாக் கிழிந்த வலை பொத்துகிறவர். அதிகம் பேசாத மனிதர். பேச வேண்டியதை எல்லாம் வீட்டில் வேறொருவர் பேசிவிடுகிறார் என்பது அவருடைய சமாதானம். றம்லா வீட்டு முற்றத்தில் மீன் வெட்டிக் கருவாடு போடுவாள். அவளுடைய கருவாட்டைத் தேடிக் கற்பிட்டியிலிருந்தும் வருவார்கள்.

அப்படி வந்தவள்தான் ஸபீனா. கற்பிட்டியில் ஒரு பாமஸியில் வேலை செய்கிற இளம்பிள்ளை. அவளும் கூட்டாளிமாரும் சேர்ந்து, துறைமுகத்தில் காயப்பட்டுக் கிடக்கிற பூனைகளைத் தூக்கிப்போய் மருந்து கட்டி, குட்டி போடாமல் ஒப்பரேஷனும் செய்து, நல்ல வீடு பார்த்துக் கொடுப்பார்கள். குழைந்து வருகிற பூனைகளுக்கு வீடு உடனே கிடைத்துவிடும். பயந்த பூனைகளைத்தான் ஒருவரும் எடுக்க மாட்டார்கள். கட்டிலுக்குக் கீழே ஒளிந்து, சோறு வைத்தாலும் வெளியே வராத பூனையை யார் வளர்ப்பார்கள்? ஒருநாள் அப்படியொன்றைக் கூடையில் வைத்துக்கொண்டு, எங்கே கொண்டுபோவது என்று தெரியாமல் றம்லாவின் முற்றத்தில் நின்று அழாக்குறையாகக் கேட்டாள்.

"ராத்தா, ரெண்டு நாளைக்கு மட்டும் வச்சிருங்க."

"என்ன விசரா உனக்கு? எனக்கு இருக்கிற வேலைக்குப் பூனையோட கொஞ்சிக்கிட்டு இருக்கவா?" என்று றம்லா பாய்ந்தாள். பாய்ந்துகொண்டே கூடையை வாங்கிக் குசினிச் சுவரோரம் வைத்துவிட்டாள்.

பிறகு அதை மறந்தே போனாள். அரிவாளை எடுத்துப்போட்டு, கூடைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, மீன் வெட்டத் தொடங்கினாள். வாயும் தொடங்கியது. மீன்காரன், உப்புக்காரன், பக்கத்து வீட்டு ஆடு, ரஸாக்கின் குறட்டை என்று ஒவ்வொன்றாக எடுத்து ஏசினாள். மீன் குடலைப் பார்க்காமலே தோளுக்குப் பின்னால் எறிந்தாள். கொஞ்ச நேரத்தில் பின்பக்கம் சவைக்கிற சத்தம் கேட்டது. அவள் திரும்பவில்லை. கை முழுக்கச் செதில், திரும்ப எங்கே நேரம்? தன்னை ஒருவரும் பார்க்கவில்லை, பிடிக்கவில்லை, இந்த மனுஷியின் சத்தத்தால் ஒரு கெடுதியும் வரவில்லை என்று கண்டதும் அந்தப் பூனைக்கு மூச்சு வந்தது. இரண்டு கிழமையில் அது அவளுடைய மடியில் ஏறி நித்திரை கொண்டது.

ஸபீனா வாய்பிளந்து போனாள். அடுத்த பூனையைக் கொண்டுவந்தாள். அதற்கடுத்ததையும் கொண்டுவந்தாள். றம்லா ஒவ்வொரு தடவையும் ஏசினாள், ஒவ்வொரு தடவையும் வாங்கினாள். முறை ஒன்றுதான். முதுகைக் காட்டு, வாயை மூடாதே, திரும்பிப் பார்க்காதே.

பூனை பழகியதும் அதற்கு வீடு பார்க்கிற வேலை. இங்கேதான் றம்லாவுக்கு ஒரு குஷி பிறந்தது. பூனை கேட்டு வருகிறவர்களைக் கதிரையில் உட்காரவைத்து, பொண்ணு கேட்டு வந்தவர்களை விசாரிப்பது போல விசாரிப்பாள்.

"வீட்டில நாய் இருக்கா? பகல்ல ஆர் இருக்கிறது? றோட்டுக்கு எவ்வளவு தூரம்? எங்கட புள்ள பயந்த சுபாவம், குரலை உயர்த்திக் கதைக்கப்படாது, சொல்லிட்டன்."

"நீ கதைக்கிறத விடவா?" என்பார் ரஸாக், வலையிலிருந்து தலையை எடுக்காமல்.

"நான் உம்மா. உம்மா ஏசலாம். மாமியார் ஏசப்படாது."

வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஊரெல்லாம் இந்தக் கதை பரவியது. றம்லா ராத்தா வீட்டில் பூனை எடுப்பதென்றால் சம்பந்தம் பேச வேண்டும் என்று பகிடி பண்ணினார்கள். அவளும் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டு வாயை இன்னும் வளர்த்தாள்.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் பகிடி இல்லை. ஒரு பூனையையும் அவள் தனக்கென்று வைத்துக்கொள்ள மாட்டாள். பேர்கூட வைக்க மாட்டாள். கேட்டால், "நாங்க எண்டைக்கெண்டாலும் மன்னாருக்குப் போற ஆக்கள். போகக்குள்ள இதுகளை என்ன செய்யிறது?" என்பாள். யுத்தம் முடிந்து ஆறேழு வருஷம் ஆகியிருந்தது. காணி துப்பரவாக்கப்படுகிறது, வீடு கொடுக்கிறார்கள் என்று வருஷத்துக்கொரு கதை வரும். சிலர் போனார்கள், சிலர் போய்த் திரும்பி வந்தார்கள். றம்லாவும் ரஸாக்கும் போகவுமில்லை, இல்லை என்று முடிவெடுக்கவுமில்லை. பூனைகள் மட்டும் வந்து வந்து போய்க்கொண்டிருந்தன.

அப்போதுதான் அந்தச் சாம்பல் பூனை வந்தது.

பின்னங்காலில் நைலோன் வலைத் துண்டு இறுகி, காலே போகிற நிலையில் ஸபீனா எடுத்த பூனை. ஒரு காதில் பாதி இல்லை. கூடையைத் திறந்ததும் அம்மிக்குப் பின்னால் புகுந்தது. மற்றப் பூனைகள் வெளியே வருகிற நேரத்துக்கு இது வரவில்லை. குடலை எறிந்தால், அவள் எழுந்து உள்ளே போன பிறகுதான் தின்னும். மாதங்கள் போயின. அம்மியிலிருந்து வாளி வரைக்கும் வந்தது. வாளியிலிருந்து, அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு கை தூரத்துக்கு வந்தது. அங்கே குந்திக்கொண்டு, அவள் ஏசுகிறதை எல்லாம் கேட்டபடி இருக்கும். அதற்கு மேல் ஒரு அங்குலம் நகராது. மடியும் வேண்டாம், தடவலும் வேண்டாம்.

"கள்ளி, திண்டிட்டியா?" என்று றம்லா திரும்பாமலே கேட்பாள்.

"பேர் வச்சிட்டியே" என்றார் ரஸாக் ஒருநாள்.

"கள்ளி எண்டுறது பேரா? அது ஏச்சு" என்று அவள் சீறினாள். ரஸாக் வலைக்குள் சிரித்துக்கொண்டார்.

இந்தக் கள்ளியைத்தான் ஜெய்னம்பு கேட்டு வந்தாள். மதுரங்குளிச் சந்தியில் பெரிய அரிசிக் கடை வைத்திருக்கிற மீரா முகைதீன் முதலாளியின் மனைவி. கடைக்குப் பின்னால் வீடு. பிள்ளைகள் கொழும்பில். தங்கமான மனுஷி, கை தாராளம், வாய் நிறையச் சிரிப்பு. வரும்போதே தட்டம் எடுத்து, அதில் தொதலும் வட்டிலப்பமும் என்று இனிப்புப் பண்டங்கள் வைத்து, மேலே பட்டுத்துணி மூடிக்கொண்டு வந்தாள்.

"பொண்ணு கேட்டு வந்திருக்கம் ராத்தா" என்று அவள் சொன்னபோது றம்லாவுக்குத் தலைகால் புரியவில்லை. தன்னுடைய பகிடியை இவ்வளவு அழகாக ஏற்று நடித்தவர்கள் அதுவரை யாருமில்லை. விசாரிப்பு தொடங்கியது. நாய் இல்லை. பகலில் ஜெய்னம்பு வீட்டில்தான். வீடு கடைக்குப் பின்னால், றோட்டுச் சத்தம் வராது. பூனை மடியில் ஏறாவிட்டால்? "ஏறாட்டிப் போகட்டும், கண்ணுக்கு முன்னால இருந்தாப் போதும்." எந்தக் கேள்வியிலும் பிடிபடவில்லை அந்த மனுஷி. றம்லாவுக்கு உள்ளுக்குள் எங்கோ ஒரு இடத்தில், ஒரு குறையாவது கிடைக்காதா என்றிருந்தது. கிடைக்கவில்லை. ஸபீனாவிடம் இன்னும் இரண்டு பயந்த பூனைகள் இடமில்லாமல் காத்திருந்தன. ஒரு பூனையையும் வைத்துக்கொள்வதில்லை என்று றம்லா போட்ட சட்டமும் அவளுக்கு முன்னால் நின்றது.

"சரி. வாக்கு" என்றாள் றம்லா.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு ஸபீனா கள்ளியைக் கூடையில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். அன்று பின்னேரம் றம்லா மீன் வெட்டும்போது ஒரு சொல் பேசவில்லை. பக்கத்து வீட்டுக்காரி மதிலால் எட்டிப்பார்த்து, "என்ன ராத்தா, சுகமில்லையா?" என்று கேட்டாள்.

அடுத்த நாள் காலை ஸபீனா மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

நடந்தது இதுதான். ஜெய்னம்பு, பாவம், பகிடியைப் பாதியில் விடுகிற ஆள் இல்லை. புதுப்பொண்ணு வீட்டுக்கு வருகிறாள் என்று தெருவுக்கே சொல்லிவிட்டாள். கூடத்தில் புதுப் பாய் விரித்து, நடுவில் தலகாணி வைத்து, சாம்பிராணி போட்டு, பூனையின் கழுத்தில் கட்ட மணியும் சிவப்பு றிபனும் வாங்கி வைத்திருந்தாள். அயல் வீட்டுப் பெண்கள் எல்லாம் நல்ல உடுப்பு உடுத்துக்கொண்டு பொண்ணு பார்க்க வந்துவிட்டார்கள். ஸபீனா இந்தப்பக்கம் வெளிக்கிட்டதும், கூடையை நடுவில் வைத்துத் திறந்தார்கள். இருபது முகம் ஒரேயடியாகக் குனிந்து பார்த்தது. கள்ளி தலையை நீட்டியதும் அத்தனை பேரும் சேர்ந்து குரவை போட்டார்கள்.

குரவைச் சத்தம் கேட்ட அந்தப் பூனை என்ன நினைத்ததோ, அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். றிபன் கட்ட வந்த கையைப் பிறாண்டி, வட்டிலப்பத் தட்டில் மிதித்து, குசினியால் பாய்ந்து, கடையின் களஞ்சியத்துக்குள் புகுந்துவிட்டது. மூட்டைகள் அடுக்கியிருக்கும் பலகைக்கு அடியில், மூலையோடு மூலையாக. கூப்பிட்டார்கள், பால் வைத்தார்கள், தும்புத்தடியால் தட்டினார்கள். ஒன்றுக்கும் அசையவில்லை. தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"இண்டைக்குப் பகல் புது அரிசி லொறி வருதாம் ராத்தா. பழைய மூட்டையெல்லாம் எடுக்கோணுமாம். எடுத்தா அது முன்பக்கத்தாலதான் பாயும். முன்னுக்கு மெயின் றோட்டு" என்றாள் ஸபீனா. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

கொழும்பு–புத்தளம் றோட்டில் மதுரங்குளிச் சந்தியைப் பார்த்தவர்களுக்கு மேலே சொல்லத் தேவையில்லை. பஸ்ஸும் லொறியும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு போகிற இடம். றம்லா கையைக் கழுவினாள். கருவாட்டு மணத்தோடு அப்படியே அபாயாவைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். பாலாவியில் ஸபீனாவோடு இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு மாறினாள். வழி முழுக்க மனதுக்குள் ஒன்றை மட்டும் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டாள். போவது, அதை வெளியே எடுத்து ஜெய்னம்புவின் கையில் கொடுப்பது, திரும்பி வருவது. வாக்கு வாக்குதான்.

கடைக்குள் போனால் பாதிச் சந்தி களஞ்சியத்துக்குள் நிற்கிறது. மூட்டை தூக்குகிறவர்கள், அயல் வீட்டுப் பெண்கள், சாமான் வாங்க வந்தவர்கள். ஜெய்னம்பு அழுது முகம் வீங்கி, "மன்னிச்சுக்கங்க ராத்தா, நான் ஆசையிலதான்…" என்று கையைப் பிடித்தாள்.

"பிறகு அழுவம். முன்கதவை மூடுங்க."

"சனிக்கிழமை வியாபாரம்…" என்று இழுத்தார் மீரா முகைதீன் முதலாளி.

"மூடுங்க எண்டன்!"

அவருடைய கடையில் அவரை அப்படி அதட்டியவர்கள் அதுவரை இல்லை. மனிதர் தானே போய்க் கதவை இழுத்து மூடினார். பிறகு றம்லா சனத்தைப் பார்த்தாள். போகச் சொன்னால் போகிற சனம் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

"நிக்கிறவங்க நில்லுங்க. ஆனா ஒருத்தரும் அங்கால பார்க்கப்படாது. எல்லாரும் சுவரைப் பார்த்து இருங்க. முதலாளி, நீங்களும்தான்."

இப்படித்தான் மதுரங்குளியின் பெரிய அரிசி முதலாளியும், மூட்டை தூக்குகிறவர்களும், நல்ல உடுப்புப் பெண்களும், பருப்பு வாங்க வந்த இரண்டு பேரும் வரிசையாகச் சுவரைப் பார்த்துக் குந்தினார்கள். றம்லா மூட்டைப் பலகைக்கு முதுகைக் காட்டித் தரையில் சம்மணமிட்டாள். குசினியிலிருந்து ஒரு சட்டி நெத்தலி வந்தது. ஒவ்வொன்றாகத் தலை கிள்ளத் தொடங்கினாள். வாயையும் திறந்தாள்.

"என்ன வெக்கை இது. காத்து வர ஒரு ஓட்டை இல்ல. முதலாளி அரிசி விக்கிறாரோ, ஆக்களை அவிக்கிறாரோ தெரியல்ல."

முதலாளி தலையைத் திருப்பப் பார்த்தார். "திரும்பாதீங்க" என்று அதே சுருதியில் சொல்லிவிட்டுத் தொடர்ந்தாள்.

"நெத்தலியைப் பாரு, முந்தநாள் மீன். ஆரு இதை இவங்களுக்கு வித்தது? அந்த ஜெய்னம்பு நல்ல மனிசி. ஆனா ஊரைக் கூட்டிக் குரவை போட்டா, நானெண்டாலும் ஓடித்தான் இருப்பன். ஏன், அவவை ஏசி என்ன? பொண்ணு, மாப்பிள்ளை, சம்பந்தம் எண்டு வாய் ஓயாமக் கதைச்சது ஆரு? நான். பெரிய மனிசி. வாக்குக் குடுத்தாளாம் வாக்கு."

ஒரு நெத்தலித் தலையைத் தோளுக்குப் பின்னால் எறிந்தாள். சத்தமில்லை.

"நேத்து மீன் வெட்டக்குள்ள விரலை வெட்டிக்கிட்டன். கத்தி மழுங்கிட்டு எண்டு அந்த மனிசனுக்குச் சொன்னன். மழுங்கின கத்தி விரலை வெட்டுமா? அவருக்குத் தெரியும், பேசாம இருந்தார். பின்னால ஒருத்தி இல்லாம எனக்கு ஏசவும் வருகுதில்ல. ஆருக்கு ஏசுறது? கேக்க ஒருத்தி இருந்தா. அவவையும் தூக்கிக் குடுத்திட்டன்."

சுவரைப் பார்த்திருந்த பெண்களில் ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். றம்லாவின் குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. கை நெத்தலியைக் கிள்ளிக்கொண்டே இருந்தது.

"போகப்போற ஆக்களாம் நாங்க. எங்க போனம்? தலை நரைச்சிட்டு. ஒரு பூனைக்குப் பேர் வைக்கப் பயந்துக்கிட்டு இருந்த மனிசி நான். அதுதான் பயந்த பூனையெண்டு எல்லாரும் சொல்லுறாங்க. ஆரு பயந்தது? கள்ளி, நீயா பயந்தாய்? நான்தான்டி பயந்தது."

பின்னால் சவைக்கிற சத்தம் கேட்டது.

றம்லா நிறுத்தவில்லை. பக்கத்து வீட்டு ஆட்டை ஏசினாள். பஸ் கொண்டக்டரை ஏசினாள். பிறகு முதுகில் ஏதோ உரசியது. கள்ளி அதுவரை ஒருநாளும் தாண்டாத அந்தக் கை தூரத்தைத் தாண்டி, இடுப்பைச் சுற்றி வந்து, அவளுடைய தொடையில் ஒரு காலை வைத்தது. நின்றது. அடுத்த காலை வைத்தது. பிறகு முழுப் பாரத்தையும் மடியில் போட்டுச் சுருண்டு படுத்துக்கொண்டு, தொண்டைக்குள் கறகறவென்று சத்தம் போடத் தொடங்கியது. நெத்தலிச் சட்டிக்குள் றம்லாவின் கண்ணீர் விழுந்தது. கூனிக்குறுகி அல்ல, முகம் முழுக்கச் சந்தோஷத்தோடு அழுதாள்.

"இப்ப திரும்பலாம்" என்றாள் மெல்ல.

எல்லாரும் திரும்பினார்கள். ஜெய்னம்பு கூடையை எடுத்து வைத்தாள். பூனையை அதில் வைத்துக் கொடுத்துவிட்டுப் போக வேண்டிய நேரம். றம்லா கூடையைப் பார்த்தாள், மடியைப் பார்த்தாள்.

"ஜெய்னம்பு, நான் வாக்கு மாறப்போறன். நீங்க ஏசுங்க, ஊரெல்லாம் சொல்லுங்க, நான் கேட்டுக்கிறன். இது என்ட பூனை. என்னால குடுக்கேலாது."

ஜெய்னம்பு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்தவளுக்கு நடுவிலேயே சிரிப்பு பிய்த்துக்கொண்டு வந்தது.

"யா அல்லாஹ், பிழை எங்கடதான், ராத்தா! நாங்க எல்லாருமா விசர்க்கூத்து ஆடியிருக்கம். எங்கட ஆக்கள்ல கல்யாணம் முடிச்சா பொண்ணையா கூட்டிக்கிட்டு வாறது? மாப்பிள்ளைதானே பொண்ணு வீட்டுக்குப் போறது! பொண்ணு உம்மா வீட்டிலதானே இருப்பா!"

ஒரு கணம் முழுக் கடையும் யோசித்தது. பிறகு முதலாளி தொடங்கிவைத்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இத்தனை பெண்கள், எத்தனை கல்யாணம் கண்டவர்கள், ஒருத்திக்காவது இது தோன்றவில்லையே என்று ஒருவரையொருவர் அடித்துச் சிரித்தார்கள். சத்தமில்லாமல்தான். வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணால் தண்ணீர் வடிய வடியச் சிரித்தார்கள். கள்ளி ஒரு காதை மட்டும் அசைத்தது.

"உங்கட வீட்டுக் கூட்டத்துக்கு ஏத்த ஒரு வாயாடிப் பூனையை ஸபீனா கொண்டுவந்து தருவா. குரவை போட்டாக் கூடச் சேர்ந்து கத்துற பூனை" என்றாள் றம்லா. ஸபீனா தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினாள்.

முதலாளி தன்னுடைய வான் வண்டியில் அவர்களை அனுப்பிவைத்தார். வாசலில் வலையோடு இருந்த ரஸாக், வான் வந்து நிற்பதையும், மனைவி கூடையைத் தூக்கிக்கொண்டு ராஜாத்தி போல இறங்குவதையும் பார்த்தார். கூடையைத் திறந்ததும் கள்ளி அம்மிப் பக்கம் போகவில்லை. நேரே உள்ளே போய், விறாந்தை நடுவில் நின்று, முதுகை வளைத்துச் சோம்பல் முறித்தது.

"அப்ப மன்னாருக்குப் போற எண்டா?" என்று ரஸாக் மெதுவாகக் கேட்டார்.

றம்லா அபாயாவைக் கழற்றிக் கொடியில் போட்டாள்.

"போற எண்டா மூணு பேராப் போவம். இருக்கிற எண்டா மூணு பேரா இருப்பம். தொண்ணூறுல விட்டிட்டு வந்தது போதும். இனி என்ட ஒண்டையும் நான் விட்டிட்டுப் போக மாட்டன். விளங்கிச்சா?"

"ஓம்" என்றார் ரஸாக். "அதுக்கேன் ஏசுறாய்?"